கூட்டுப் பிறவி இதயக் குறைபாடுகள்: கைக்குழந்தைகளில் கண்டறிதல்

கூட்டுப் பிறவி இதயக் குறைபாடுகள் என்பன, ஒரே குழந்தையின் இதயத்திலும் அதனோடு இணைந்த பெருங்குழாய்களிலும் கருவளர்ச்சியின்போதே இரண்டோ அதற்கு மேற்பட்டவையோ ஆன அமைப்புப் பிழைகள் ஒருங்கே தோன்றி, ஒன்றன் விளைவை மற்றொன்று மாற்றியோ மறைத்தோ நிற்கும் நிலைகளாகும். உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 முதல் 10 குழந்தைகளுக்கு ஏதேனும் ஒரு பிறவி இதயக் குறை காணப்படுகிறது. அவற்றுள் பெரும்பாலானவை பொதுவழக்கில் ‘இதயத்தில் ஓட்டை’ எனப்படும் தனிக் குறைகள். எண்ணிக்கையில் பல பிழைகள் இருப்பதால் மட்டும் ஒரு நிலை கூட்டுக் குறையாகிவிடாது. 1888இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லூயி ஃபாலோ விளக்கியதும், அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்டென்சன் குறித்து வைத்ததுமான ஃபாலோ நாற்குறையில் (கீழறை இடைச்சுவர் ஓட்டை, நுரையீரல் தமனிப் பாதையின் குறுக்கம், ஓட்டையின் மீது ஏறி அமர்ந்த பெருந்தமனி, தடித்த வலக் கீழறை) நான்கு பிழைகள் இருந்தாலும், அவை வெளியேற்றப் பாதையின் இடைச்சுவர் முன்னோக்கி விலகிய ஒரே நிகழ்வின் தொடர் விளைவுகள் என்பதால் அது ஒற்றை நோயாகவே கருதப்படுகிறது. அதே குழந்தைக்கு நுரையீரல் சிரைகள் இட மேலறையில் சேராமல் வேறிடத்தில் சேர்ந்திருந்தால், அல்லது நான்கு அறைகளும் கூடும் மையப்பகுதியே உருவாகாமல் மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே ஒரே பொது வால்வு இருந்தால், அதுவே அரிய கூட்டுக் குறை. கண்டறிதலின் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், சென்னை–பெங்களூரு இருப்புப்பாதையில் அமைந்த பங்காருபேட்டைச் சந்திப்பும், அதிலிருந்து மாரிக்குப்பம் வரை செல்லும் கிளைப்பாதையைச் சார்ந்த கோலார் தங்கவயலும், இத்தகைய குழந்தைகள் எங்கே பிறந்து எங்கே அறியப்படுகின்றனர் என்பதைப் புரிந்துகொள்ள ஏற்ற வட்டாரமாகும். தமிழ் பேசும் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இப்பகுதியில், சுரங்க நிறுவனமே நடத்திய மருத்துவமனை ஒரு காலத்தில் மார்பு ஊடுகதிர்ப் படங்களைப் படிப்பதில் பெயர்பெற்றிருந்தது; ஆனால் அத்திறமை பாறைத் தூளால் வரும் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோயைச் சார்ந்தது, பச்சிளங்குழந்தைகளின் இதயத்தைச் சார்ந்ததன்று. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபோது அந்த மருத்துவமனையின் காலமும் முடிந்தது. அதே ஆண்டின் ஜனவரியில், பங்காருபேட்டைக்கும் பெங்களூருக்கும் நடுவே அதே இருப்புப்பாதையை ஒட்டிய ஒயிட்ஃபீல்டில் ஸ்ரீ சத்திய சாயி உயர் மருத்துவ அறிவியல் நிறுவனம், இதய அறுவையைக் கட்டணமின்றிச் செய்யும் மருத்துவமனையாகத் திறக்கப்பட்டிருந்தது. பெங்களூரின் தென்கிழக்கில் தேவி ஷெட்டி நிறுவிய நாராயணா ஹிருதயாலயாவும் ஏறத்தாழ அக்காலத்திலேயே எழுந்தது. வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறிய தங்கவயல் மக்களுக்கு, குழந்தையின் இதய நோய்க்கும் அதே ரயில்தான் வழியாயிற்று. எதிர்த்திசையில் சென்றால் காட்பாடி வழியாக வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. ரீவ் பெட்ஸ் 1940களின் இறுதியில் அங்கு தொடங்கிய மார்பறுவைத் துறையிலிருந்து வளர்ந்த இதய அறுவை மரபு, இவ்வட்டாரத்துக்கு எட்டும் தொலைவில் இருந்த மிகப் பழைய மரபாகும்.

பிறப்பு முதல் பரிந்துரை வரை

பிறந்த குழந்தையின் இதயக் குறை முதலில் வெளிப்படுவது பெரும்பாலும் தாயின் கண்ணுக்குத்தான். பால் குடிக்கத் தொடங்கிய சில நொடிகளிலேயே மூச்சு வாங்கி விட்டுவிடுதல், குடிக்கும்போது நெற்றியும் உச்சந்தலையும் வியர்த்தல், எடை ஏறாமை, அழும்போது நாக்கும் ஈறும் நீலம் பாய்தல் ஆகியவை முதன்மை அறிகுறிகள். இவற்றுள் வியர்வையும் மூச்சிரைப்பும் ‘நெஞ்சுச் சளி’ என்ற பெயரில் பலமுறை மருந்து பெற்ற பின்னரே இதயத்தின் பக்கம் கவனம் திரும்புவது பரவலான அனுபவம். நீலம் பாய்தலைக் கண்ணால் மட்டும் அறிவதும் எளிதன்று: மாநிறக் குழந்தையின் தோலில் அது தெரியாமல் போகலாம், குழந்தைக்கு இரத்தசோகை இருந்தால், ஆக்சிசன் ஏறாத ஹீமோகுளோபினின் அளவு நீலநிறம் தோன்றத் தேவையான மட்டத்தை எட்டாமலே உடலில் ஆக்சிசன் குறைந்திருக்கும். எனவே நாக்கின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதும், இரத்தத்தின் ஆக்சிசன் அளவைப் பல்ஸ் ஆக்ஸிமீட்டரால் அளப்பதும் ஒன்றையொன்று நிரப்ப வேண்டிய செயல்கள்.

மருத்துவமனையில் பிறந்த குழந்தையை ஆஷா எனப்படும் ஊர்நலப் பணியாளர் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீட்டுக்குச் சென்று பார்க்க வேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் ஏற்பாடு. தராசும் வெப்பமானியும் கடிகாரமும் கொண்டு அவர் செய்யும் இச்சோதனையில், நிமிடத்துக்கு 60க்கு மேற்பட்ட மூச்செண்ணிக்கையே பெரும்பாலும் கிடைக்கும் முதல் தடயம். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்னும் குழந்தைநலத் திட்டம் பிறவி இதயக் குறைகளையும் தேடப்பட வேண்டிய நிலைகளுள் சேர்த்தது. பரிந்துரையின் படிகள் பங்காருபேட்டை வட்ட மருத்துவமனை அல்லது ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனை, அடுத்துக் கோலாரின் ஸ்ரீ நரசிம்மராஜா மாவட்ட மருத்துவமனை அல்லது தமகாவிலுள்ள தேவராஜ் அர்ஸ் மருத்துவக் கல்லூரி, இறுதியாகப் பெங்களூரின் ஜெயதேவா இதயநோய் நிறுவனம் போன்ற சிறப்பு மையங்கள் என அமைகின்றன. ஒவ்வொரு படியிலும் நோயின் பெயர் சற்று மாறுவது வழக்கம். கீழ்ப்படியில் எழுதப்பட்ட பெயரை மேற்படியில் உள்ளவர் முடிவாக எடுத்துக்கொள்ளாமல் முதலிலிருந்து பார்ப்பதே கூட்டுக் குறைகளில் குழந்தையைக் காக்கும் பழக்கமாகும்.

ஆக்ஸிமீட்டர் சோதனை பிறந்து 24 மணி நேரத்துக்குப் பின் வலக் கையிலும் ஒரு காலிலும் செய்யப்படுகிறது. கையிலோ காலிலோ அளவு 90 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் உடனடிப் பரிசோதனை தேவை. ஏதேனும் ஒன்றில் 95 அல்லது அதற்கு மேல் இருந்து, இரண்டுக்கும் இடையே வேறுபாடு 3க்கு மிகாமல் இருந்தால் சோதனையில் தேறியதாகக் கொள்ளப்படும். இடைப்பட்ட நிலையில் மீண்டும் அளக்க வேண்டும். கையைவிடக் காலில் அளவு குறைவாக இருப்பது, பெருந்தமனி வளைவில் தடை இருந்து, உடலின் கீழ்ப்பாதிக்கு இரத்தம் டக்டஸ் நாளம் வழியாகச் செல்வதைக் குறிக்கும். (கருவில் நுரையீரல் தமனியைப் பெருந்தமனியுடன் இணைத்து, பிறந்த ஓரிரு நாளில் மூடிக்கொள்ளும் குழாய்தான் டக்டஸ்.) இதற்கு நேர்மாறாகக் கையைவிடக் காலில் அளவு கூடுதலாக இருப்பது மிக அரிது, அவ்வாறு கண்டால், பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறந்திருப்பதோடு வளைவுத் தடையோ நுரையீரல் தமனியில் மிகை அழுத்தமோ சேர்ந்திருக்கிறது என ஐயுற வேண்டும். கூட்டுக் குறையை எக்கோவுக்கு (ஒலியலையால் எடுக்கப்படும் இதயப் படத்துக்கு) முன்பே சொல்லிவிடும் தடயங்கள் சிலவே. இரண்டு எண்களை ஒப்பிடுவதால் மட்டும் கிடைக்கும் இது அவற்றுள் ஒன்று. காலில் அளக்காமல் கையில் மட்டும் அளக்கும் பழக்கம் இதனை முற்றிலும் இழக்கச் செய்கிறது. தொடையிடுக்கு நாடியைத் தொட்டுப் பார்ப்பதற்குக் கருவியே தேவையில்லை. பெருந்தமனிச் சுருக்கத்தை ஆக்ஸிமீட்டர் பல நேரங்களில் தவறவிடுவதால் விரல்நுனிச் சோதனையின் மதிப்பு இன்றும் குறையவில்லை.

ஒன்று மற்றொன்றை மறைக்கும் முறைகள்

கூட்டுக் குறைகளில் பிழையான முடிவுகள் பெரும்பாலும் அறியாமையால் விளைவதில்லை. குழந்தையின் அறிகுறிகளை விளக்கப் போதுமான ஒரு குறை கண்ணில் பட்டதும் தேடல் நின்றுவிடுவதால் விளைகின்றன. ஃபாலோ நாற்குறையுடன் நுரையீரல் சிரைகளின் இணைப்புப் பிழையும் உள்ள குழந்தையில், நுரையீரலுக்குச் செல்லும் இரத்தமே குறைவு என்பதால் அங்கிருந்து திரும்பும் சிரைகளின் தடை வெளிப்படாது. அறுவை மருத்துவர் நாற்குறையைச் சரிசெய்து நுரையீரலுக்கு நிறைய இரத்தத்தை அனுப்பிய பின்னர், திரும்பி வர வழியின்றி நுரையீரல் நீர்கோத்துக்கொள்ளும். அறுவை மேசையிலோ தீவிர சிகிச்சைப் பிரிவிலோ அப்போதுதான் இரண்டாம் குறை தெரியவரும்.

இதே தர்க்கம் மருந்தாலும் வெளிப்படும். நுரையீரல் தமனி முற்றிலும் அடைபட்டு, சிரைகளும் தடைபட்டுள்ள குழந்தைக்கு டக்டஸ் நாளத்தைத் திறந்துவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்தைச் செலுத்தினால், பிற நீலக் குழந்தைகளைப் போல நிலை தேறாமல் மூச்சுத்திணறல் கூடும். மருந்துக்குக் கிடைத்த இந்த எதிர்மாறான விளைவே நோயறிதலின் பகுதியாகிறது. புரோஸ்டாகிளாண்டின் மூச்சு நின்றுபோகச் செய்யக் கூடியது என்பதால், கோலாரிலிருந்து ஆம்புலன்ஸில் அனுப்பப்படும் குழந்தைக்கு மூச்சுக்குழாய் செலுத்தும் ஏற்பாடு உடன் இருக்க வேண்டும் என்பதையும் இங்குச் சொல்ல வேண்டியுள்ளது.

இட இதயத் தமனி பெருந்தமனியிலிருந்து புறப்படாமல் நுரையீரல் தமனியிலிருந்து புறப்படும் நிலையை 1933இல் பிளாண்ட், ஒயிட், கார்லண்ட் ஆகியோர் விரிவாக விளக்கினர். தனியாக வரும்போது, நுரையீரல் தமனி அழுத்தம் இயல்பாகக் குறையும் சில வாரங்களில் இதயத் தசைக்கு இரத்தம் கிடைக்காமல் குழந்தைக்கு மாரடைப்பு நேர்கிறது. ஆனால் பெரிய கீழறை இடைச்சுவர் ஓட்டையோ மூடாத டக்டஸ் நாளமோ உடனிருந்தால், நுரையீரல் தமனியில் அழுத்தம் உயர்ந்தே இருப்பதால் இதயத் தசை பட்டினி கிடப்பதில்லை. எல்லோர் கண்ணுக்கும் தெரிவது ஓட்டை மட்டுமே. அந்த ஓட்டையை மூடியதும் அழுத்தம் இறங்கி இடக் கீழறை செயலிழக்கும். சாதாரண ஓட்டை என்று எண்ணப்படும் குழந்தையிலும் இரண்டு இதயத் தமனிகளும் எங்கிருந்து புறப்படுகின்றன என்று எக்கோவில் கண்டு குறிப்பது இக்காரணத்தாலேயே விதியாக உள்ளது.

1963இல் ஜான் ஷோன் குழுவினர் விளக்கிய ஷோன் தொகுதி மற்றொரு வகை மறைப்பைக் காட்டுகிறது. மைட்ரல் வால்வின் மேல் ஒரு சவ்வு வளையம், எல்லா நாண்களும் ஒரே தசைத்தூணில் கட்டப்பட்ட மைட்ரல் வால்வு, பெருந்தமனி வால்வுக்குக் கீழே தடை, பெருந்தமனிச் சுருக்கம் ஆகியவை அடுத்தடுத்து அமையும் இந்நிலையில், முதல் தடையே இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடுவதால் அடுத்த தடைகளில் அழுத்த வேறுபாடு சிறிதாகவே பதிவாகும். எண் சிறிதாக உள்ளது என்று அத்தடையை லேசானதென எழுதுவது தவறாகிவிடும். பெருந்தமனிச் சுருக்கமோ டக்டஸ் திறந்திருக்கும் வரை தெரியாமலே இருக்கக் கூடும்; இரண்டாம் நாளில் எடுத்த எக்கோ நன்றாக இருந்தது என்பது பத்தாம் நாளில் நாடி மெலிந்து சாம்பல் நிறமாக வரும் குழந்தைக்கு ஆறுதலாகாது.

மலிவான சோதனைகளின் பங்கு இங்கு வியப்பூட்டுவது. ஃபாலோ நாற்குறை உள்ள குழந்தையின் ஈசிஜியில் மின்னோட்ட அச்சு வலப்புறம் சாய்ந்திருக்கும். அது இடப்புறமாகவும் மேல்நோக்கியும் சாய்ந்திருந்தால் பொது வால்வுக் குறையும் சேர்ந்திருக்கிறது எனக் கொள்ள வேண்டும். டவுன் நோய்த்தொகுதி உள்ள குழந்தைகளில் இவ்விரண்டும் இணைந்து வருவது நன்கறியப்பட்டது. மார்புப் படத்தைப் பற்றிப் பாடநூல்கள் கற்பிக்கும் உருவங்கள் (செருப்பு வடிவ இதயம், பனிமனிதன், சரத்தில் தொங்கும் முட்டை) தனிக் குறைகளுக்கே பொருந்தும். இரண்டு குறைகள் சேரும்போது உருவம் குலைந்துவிடுவதால் அவற்றை நம்புவது கேட்டையே தரும். அதே படத்தில் கல்லீரல் நடுவில் பரந்திருக்கிறதா, இரைப்பையின் காற்றுக்குமிழி எப்பக்கம், இதய நுனி எப்பக்கம், தைமஸ் சுரப்பியின் நிழல் இருக்கிறதா என்று பார்ப்பது பெரும்பயன் தரும். தைமஸ் நிழல் இல்லாமையும் இரத்தத்தில் கால்சியக் குறைவும் சேர்ந்தால், 22ஆம் குரோமோசோமின் சிறுபகுதி இழப்பால் வரும் டிஜார்ஜ் நோய்த்தொகுதியை ஐயுற்று, பெருந்தமனி வளைவு அறுபட்டிருக்கிறதா என்று தேட வேண்டும்.

பகுதிவாரி ஆய்வு

ஒரு குறை மற்றொன்றை மறைக்கும் இச்சிக்கலுக்கு மருத்துவம் கண்ட விடை, இதயத்தை ஒரு முழு உருவமாகப் பாராமல் துண்டு துண்டாக, மாறாத வரிசையில் பார்ப்பதாகும். கனடாவின் மாட் அபட் ஆயிரம் இதயங்களைத் தொகுத்து 1936இல் வெளியிட்ட படநூலும், ஹெலன் டாசிக்கின் மருத்துவமனை அனுபவமும் இட்ட அடித்தளத்தின் மீது, அமெரிக்காவின் ரிச்சர்ட் வான் பிராக் 1960, 70களில் பகுதிவாரி முறையை வகுத்தார். பின்னர் இங்கிலாந்தின் ராபர்ட் ஆண்டர்சனும் உடன்பணியாற்றியோரும் பகுதிகளுக்கிடையேயான இணைப்புகளை வரிசையாக விவரிக்கும் முறையாக அதனை விரித்தனர்.

எக்கோ கருவி முதலில் வைக்கப்படுவது மார்பில் அன்று, வயிற்றில். முதுகெலும்புக்கு இடப்புறம் பெருந்தமனியும் வலப்புறம் கீழ்ப்பெருஞ்சிரையும் இருப்பது இயல்பு. இரண்டும் ஒரே பக்கத்தில் சேர்ந்திருந்தால் இரு மேலறைகளும் வலத் தன்மை கொண்டுள்ளன என்றும், கீழ்ப்பெருஞ்சிரை அறுபட்டு அதன் இரத்தம் பெருந்தமனிக்குப் பின்னால் வேறொரு சிரைவழி மேலேறினால் இரண்டும் இடத் தன்மை கொண்டுள்ளன என்றும் ஊகிக்கலாம். உள்ளுறுப்புகளின் இட–வல ஒழுங்கே குலைந்த இந்நிலைகள் ஹெட்டரோடாக்ஸி எனப்படுகின்றன. மிகச் சிக்கலான கூட்டுக் குறைகள் பலவும் இதனுள் அடங்கும். வலத் தன்மை இரட்டித்த குழந்தைக்குப் பொதுவாக மண்ணீரல் இராது. முதல் வாரம் கடந்த பின் எடுத்த சாதாரண இரத்தப் பூச்சில் சிவப்பணுக்களுக்குள், மண்ணீரல் வழக்கமாக அகற்றிவிடும் ஹோவெல்–ஜோலி துணுக்குகள் தென்பட்டால் அது உறுதிப்படும். மாவட்ட மருத்துவமனை ஆய்வகத்திலேயே செய்யக் கூடிய இச்சோதனை, பெங்களூரில் எடுக்கும் சிடி ஸ்கேனுக்கு நிகரான செய்தியைத் தருகிறது.

அடுத்து மேலறைகள் அவற்றின் காதுமடல் போன்ற நீட்சிகளால் அடையாளம் காணப்படுகின்றன. கீழறைகளை அடையாளம் காண்பதற்கு வால்வுகளே துணை: டிரைகஸ்பிட் வால்வு மைட்ரல் வால்வைவிட இதய நுனிக்குச் சற்று அருகில் இணைந்திருக்கும், அது எங்கிருக்கிறதோ அங்குள்ளது வலக் கீழறை. பெருங்குழாய்களில், விரைவில் இரண்டாகப் பிரிவது நுரையீரல் தமனி. இதயத் தமனிகளையும் தலைக்கான கிளைகளையும் தருவது பெருந்தமனி. இவ்வாறு மேலறை, கீழறை, பெருங்குழாய் ஆகிய மூன்றும் தனித்தனியே அறியப்பட்ட பின்னரே எது எதனுடன் இணைந்துள்ளது என்று எழுதப்படுகிறது. இரண்டு மட்டங்களிலும் இணைப்பு தலைகீழாக இருந்தால் பிழையைப் பிழை சரிசெய்து, குழந்தை நீலமின்றி இருக்கும். ஆஸ்திரியாவின் ரோகிடான்ஸ்கி 1875இல் விவரித்த இந்நிலையில் உடனிருக்கும் ஓட்டையை மட்டும் கண்டு மூடிவிடுவது, உடல் முழுமைக்கும் இரத்தம் இறைக்கும் வேலையை வாழ்நாள் முழுதும் வலக் கீழறையின் மேலேயே விட்டுவிடும். ஓட்டைகள், நான்கு நுரையீரல் சிரைகள், இடப்பக்க மேற்பெருஞ்சிரை உண்டா என்பது, இதயத் தமனிகள், பெருந்தமனி வளைவு, டக்டஸ் என எஞ்சியவை இதன் பின்னரே வருகின்றன. இடப்பக்க மேற்பெருஞ்சிரை குழந்தைக்குத் தன்னளவில் தீங்கு செய்வதில்லை; ஆயினும் இதய–நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களைப் பொருத்தும் அறுவை மருத்துவருக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

எக்கோவுக்கு எட்டாத இடங்கள் உண்டு: நுரையீரலுக்குள் பிரியும் தமனிக் கிளைகள், வளைவின் தொலைபகுதி, சிரைகள் வளைந்து செல்லும் பாதை. இவற்றுக்குக் குறைந்த கதிர்வீச்சுடன் சில நொடிகளில் முடியும் சிடி ஆஞ்சியோ இன்று முதன்மைக் கருவி. அழுத்தங்களை நேரில் அளக்க வேண்டியபோது மட்டும் இதயக் குழாய்ச் சோதனை செய்யப்படுகிறது. 1982இல் பெர்ரி விளக்கிய, பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் இடையே சாளரம், பெருந்தமனியிலிருந்து புறப்படும் வல நுரையீரல் தமனி, அறுபட்ட வளைவு ஆகியவை இணையும் தொகுதியைப் போன்றவை சிடி படத்தில்தான் முழுமையாகத் தெளிவாகின்றன. இதற்கு மாறாக, 1958இல் கான்ட்ரெல் விளக்கிய ஐங்குறை (மார்பெலும்பின் கீழ்ப்பகுதி, உதரவிதானம், இதய உறை, வயிற்றுச்சுவர், இதயம் ஆகிய ஐந்திலும் பிழை) பிறந்தவுடன் கண்ணுக்கே தெரியும்; அங்குத் தேட வேண்டியது உள்ளிருக்கும் இதயக் குறையின் வகையை மட்டுமே.

தொலைவிலிருந்து படித்தல், உறவுத் திருமணம், அடுத்த கருப்பம்

குழந்தை இதயவியல் வல்லுநர் ஒருவரை ஒவ்வொரு வட்டத்திலும் அமர்த்த இயலாது என்பதால், படத்தை அனுப்பிக் கருத்துப் பெறும் முறைக்குக் கர்நாடகம் தொடக்கத்திலேயே இடம் தந்தது. 2000களின் தொடக்கத்தில் இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்பால் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையும் சரகூரின் விவேகானந்தா நினைவு மருத்துவமனையும் நாராயணா ஹிருதயாலயாவுடன் இணைக்கப்பட்டன. கூட்டுக் குறைகளில் இதற்கு ஒரு வரம்பு உண்டு. அனுப்பப்படுபவை எடுத்தவர் பார்க்க நினைத்த காட்சிகளே. அவர் வயிற்றிலிருந்து தொடங்காவிட்டால், தொலைவிலுள்ள வல்லுநர் எவ்வளவு தேர்ந்தவராயினும் இல்லாத காட்சியைப் படிக்க முடியாது. ஆகவே முதலில் பயிற்சி தேவைப்படுவது படம் எடுப்பவருக்கே.

தென்னிந்தியாவில் தாய்மாமன், அத்தை மகன் முறையிலான உறவுத் திருமணம் தமிழர், கன்னடர், தெலுங்கர் மூவரிடமும் உள்ள வழக்கம். மூன்று மொழியினரும் கலந்து வாழும் கோலார் மாவட்டமும் அதற்கு விலக்கன்று. மைசூரில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வொன்று உறவுத் திருமணத்துக்கும் பிறவி இதயக் குறைகளுக்கும் தொடர்பைக் காட்டியது. ஹெட்டரோடாக்ஸி சில குடும்பங்களில் பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் ஒடுங்கு மரபணுக்களால் தோன்றுவதால், கூட்டுக் குறை கண்ட குழந்தையின் பெற்றோரிடம் உறவுமுறையைக் கேட்டு எழுதுவது நோயறிதலின் பகுதியாகும். அக்கேள்வி தாயைக் குற்றஞ்சாட்டும் தொனியில் கேட்கப்படுவது நோயறிதலுக்கு உதவாததோடு, அடுத்த கருப்பத்தில் அவர் மருத்துவமனைக்கு வரத் தயங்கவும் காரணமாகிறது.

ஒரு குழந்தைக்குப் பிறவி இதயக் குறை இருந்தால் அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு பொதுவாக 2 முதல் 5 விழுக்காடு எனவும், இதயத்தின் இடப்பக்கத் தடைகளிலும் ஹெட்டரோடாக்ஸியிலும் அதைவிடக் கூடுதல் எனவும் கணக்கிடப்படுகிறது. அத்தாய்க்கு ‘அஞ்சாம் மாச ஸ்கேன்’ எனப்படும் வழக்கமான ஸ்கேன் மட்டும் போதாது. 18 முதல் 22 வாரங்களுக்குள் கருவின் இதயத்துக்கென்றே தனி எக்கோ எடுக்க வேண்டும். நான்கு அறைகளை மட்டும் காட்டும் காட்சியில் பெருங்குழாய்களின் இடமாற்றமும் வளைவுக் குறைகளும் தப்பிவிடுவதால், மூன்று குழாய்களும் மூச்சுக்குழலும் தெரியும் மேற்காட்சியும் அதில் இடம்பெற வேண்டும். கருவின் இதயத் துடிப்பு மிகக் குறைவாக இருந்தால் இடத் தன்மை இரட்டித்த ஹெட்டரோடாக்ஸியை நினைக்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத் திருத்தம், கடுமையான குறை உறுதியான கருவைப் பற்றி 24 வாரங்களுக்குப் பின்னும் மருத்துவக் குழு முடிவெடுக்க வழி தந்துள்ளது. கருப்பத்தைத் தொடர விரும்பும் குடும்பத்துக்கு அந்த எக்கோவால் கிடைப்பது வேறொரு பயன்: பிரசவத்தைத் தங்கவயலிலோ பங்காருபேட்டையிலோ வைத்துக்கொள்ளாமல், டக்டஸ் மூடுவதற்கு முன்பே சிகிச்சை தொடங்கக் கூடிய பெங்களூரிலோ வேலூரிலோ வைத்துக்கொள்ள, நான்கு மாத அவகாசம் கிடைக்கிறது.